ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தத்தால் வரும் அலர்ஜிக்குக் குடும்ப மருத்துவரே போதுமா, நேராக அலர்ஜி நிபுணரிடம் போகலாமா?

பெரும்பாலானவர்களுக்குக் குடும்ப மருத்துவரே போதும். ஆனால் அவரிடம் போகவேண்டிய மாதம் செப்டம்பர் இல்லை, ஜூலை.

நான் இருப்பது சிகாகோவை ஒட்டிய புறநகரில். அமெரிக்காவின் மிட்வெஸ்டுக்குக் குடிவந்து சில வருடம் கழித்து இந்தத் தொல்லை தொடங்கியதாகக் கேள்வியோடு நீங்கள் எழுதியிருப்பதெல்லாம் எனக்கும் அப்படியே உண்டு. ஆகஸ்ட் நடுவில் அடுக்குத் தும்மலில் ஆரம்பிக்கும். கண்ணும் மேலண்ணமும் அரிக்கும், மூக்கு தண்ணீராக ஒழுகும், அக்டோபரில் உறைபனி விழும்வரை விடாது. வந்த புதிதில் எதுவும் இருக்காது. ஒரு மகரந்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்று உடம்பு முடிவுகட்டவே சில பருவங்கள் ஆகும். அதனால்தான் "இத்தனை நாள் இல்லாதது இப்போது எப்படி வரும்?" என்று நம்மவர்கள் பலர் இதைச் சளி என்றே நினைத்து, இஞ்சிக் கஷாயத்திலும் ஆவி பிடிப்பதிலும் ஒரு மாதத்தைக் கழித்துவிடுகிறார்கள். சளி பத்து நாளில் போய்விடும். காய்ச்சல் இல்லாமல், அரிப்போடு, வருடாவருடம் அதே வாரத்தில் வந்தால் அலர்ஜியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ராக்வீடை அடையாளம் காண ஒரு வழி: ஊரில் ரோட்டோரம் பார்த்தீனியம் பார்த்திருப்பீர்கள். இலை கிட்டத்தட்ட அதே போலக் கிழிந்து கிழிந்து இருக்கும். இரண்டும் சூரியகாந்திக் குடும்பம்தான். பூ பச்சையாக, பூ என்றே தெரியாமல் இருக்கும். இதே சமயத்தில் பளிச்சென்று மஞ்சளாகப் பூக்கும் கோல்டன்ராட் மேல் எல்லோரும் பழி போடுகிறார்கள். அதன் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மையுள்ளது, தேனீதான் தூக்கிக்கொண்டு போகும். ராக்வீட் காற்றை நம்பி வாழும் செடி. ஒரே செடி ஒரு பருவத்தில் 100 கோடி துகள்கள் வரை விடும், அவை நூற்றுக்கணக்கான மைல் பறக்கும். வீட்டுத் தோட்டத்தில் களை பிடுங்குவதால் பெரிய பலன் இல்லை.

நமக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. இந்தச் செடி பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கிறது. ஜூன் 21க்குப் பிறகு பகல் குறையத் தொடங்கியதும் பூக்கத் தயாராகிவிடும். ஆகவே எப்போது ஆரம்பிக்கும் என்பது ஏறக்குறைய தெரிந்த தேதி. முடியும் தேதிதான் தள்ளிப்போகிறது. முதல் உறைபனி தாமதமாவதால் 1995க்கும் 2009க்கும் இடையே மிட்வெஸ்ட் நகரமான மினியாபொலிஸில் ராக்வீட் பருவம் 16 நாள் நீண்டிருக்கிறது. ஆரம்பம் முன்கூட்டியே தெரியும் நோய்க்கு மருந்தையும் முன்கூட்டியே தொடங்கலாம். ஜூலையிலேயே போகச் சொல்வது அதனால்தான்.

என் டாக்டர் முதல் தடவை டெஸ்ட் எதுவும் எழுதவில்லை. எந்த மாதம், எந்த நேரம் அதிகம், அரிப்பு உண்டா, இரவில் இருமலோ இழுப்போ வருகிறதா, முலாம்பழமோ தர்பூசணியோ வாழைப்பழமோ சாப்பிட்டால் வாய் அரிக்கிறதா என்று கேட்டார். கடைசிக் கேள்வி எனக்குப் புதிது. ராக்வீட் அலர்ஜி உள்ள சிலருக்கு இந்தப் பழங்களும் வெள்ளரிக்காயும் வாயில் நமைச்சல் தரும். புரதங்கள் ஒன்றுபோல இருப்பதுதான் காரணம். பிறகு மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டார். கதை பொருந்தி வந்தால் மருந்தைத் தொடங்கிப் பார்ப்போம், கேட்கவில்லை என்றால் இரத்தப் பரிசோதனை செய்யலாம் என்றார். இரத்தப் பரிசோதனைக்கு அலர்ஜி மாத்திரையை நிறுத்தவேண்டியதில்லை. தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்டுக்குத்தான் சில நாள் முன்பே நிறுத்தவேண்டும்.

மருந்தில் முதல் இடம் மூக்கு ஸ்ப்ரேக்கு, அதாவது ஃப்ளோனேஸ், நேசகார்ட் போன்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரே. சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கும். "ஸ்டீராய்டா?" என்று பயப்படாதீர்கள். மூக்கில் அடிப்பதில் உடம்புக்குள் சேரும் அளவு மிகக் குறைவு. கண் அழுத்த நோயோ கண்புரையோ இருந்தால் மட்டும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இது அடித்தவுடன் கேட்கும் மருந்து இல்லை. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம். ஆகஸ்ட் முதல் வாரம் தொடங்கி உறைபனி வரை தினமும் அடிக்கவேண்டும். நன்றாக இருக்கிறதே என்று நடுவில் விட்டால் வீக்கம் திரும்பிவிடும்.

அடிக்கும் முறையும் முக்கியம், பாட்டிலில் உள்ள படம் போதாது. லேசாகக் குனிந்து, வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும் பிடியுங்கள். அப்போது நுனி தானாகவே நடுத்தண்டை விட்டு விலகி, காதுப் பக்கம் பார்க்கும். நடுத்தண்டில் அடித்துக்கொண்டே இருந்தால் புண்ணாகி ரத்தம் வரும். வேகமாக உறிஞ்சவும் கூடாது, மருந்து தொண்டைக்குப் போய்விடும். ஸ்ப்ரே வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எப்படி அடிக்கிறீர்கள் என்பதுதான்.

மாத்திரை அரிப்புக்கும் தும்மலுக்கும் நல்லது, மூக்கடைப்புக்கு அவ்வளவாக உதவாது. ஊரில் மெடிக்கலில் வாங்கும் செட்ரிசின்தான் இங்கே ஸிர்டெக். சிலருக்குத் தூக்கம் வரும், இரவில் போட்டுக்கொள்ளலாம். அலெக்ரா என்ற இன்னொரு அலர்ஜி மாத்திரை என்றால் தண்ணீரோடு மட்டும் போடுங்கள், பழச்சாறு அது உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ஆஃப்ரின் மாதிரி உடனே மூக்கைத் திறக்கும் ஸ்ப்ரேயை மூன்று நாளுக்கு மேல் தொடாதீர்கள். விட்டவுடன் அடைப்பு முன்னைவிட மோசமாகும்.

ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்து தங்கும் மாதங்களும் இவைதான் என்பதால் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அலமாரியில் இருக்கிறதே என்று அவர்களுக்குப் பெனட்ரில் என்ற பழைய வகை அலர்ஜி மருந்தைக் கொடுக்காதீர்கள். வயதானவர்களுக்கு அது குழப்பத்தையும் தடுமாற்றத்தையும் உண்டாக்கும், விழுந்துவிட வாய்ப்பு உண்டு. மூக்கடைப்புக்கான சூடஃபெட், அல்லது பெயரின் முடிவில் 'டி' சேர்ந்த அலர்ஜி மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்கு மருந்துக்கடை ஃபார்மசிஸ்டிடம் கேட்காமல் எதுவும் வாங்காதீர்கள். இங்கே அவரிடம் கேட்கக் கட்டணம் கிடையாது.

மூக்கை உப்புத் தண்ணீரால் கழுவுவது எனக்கு நல்ல நிம்மதி தருகிறது. குழாய்த் தண்ணீரை அப்படியே மட்டும் ஊற்றாதீர்கள். கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர், அல்லது கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர்தான். குழாய்த் தண்ணீரில் அபூர்வமாக இருக்கும் ஓர் அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போய் உயிரையே எடுத்திருக்கிறது. மற்றபடி, காலை நடையை மாலைக்கு மாற்றினேன், ஏனென்றால் முற்பகலில் மகரந்தம் அதிகம். வந்ததும் குளியல். துணியை வெளியே காயப்போடுவதில்லை.

இவ்வளவு செய்தும் தூக்கம் கெட்டால், சைனஸ் தொற்று அடிக்கடி வந்தால், இழுப்பு வந்தால் அலர்ஜி நிபுணர் தேவை. மூச்சு வாங்கிப் பேசமுடியாத நிலை என்றால் அப்பாயின்ட்மென்ட் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், அவசர உதவிக்கு 911ஐ அழையுங்கள். உங்கள் இன்சூரன்ஸ் எச்எம்ஓ (குடும்ப மருத்துவர் வழியாகவே மற்றவரிடம் அனுப்பும் வகை) என்றால் அவரின் ரெஃபரல், அதாவது பரிந்துரை, இல்லாமல் பெரும்பாலும் நிபுணரைப் பார்க்கமுடியாது, அதையும் ஜூலையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

நிபுணர் தரக்கூடியது, உடம்பை அந்த மகரந்தத்துக்கு மெல்லப் பழக்கும் ஊசி அல்லது நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. ஊசி முதல் சில மாதம் வாராவாரம், பிறகு இடைவெளி விட்டு மூன்று முதல் ஐந்து வருடம். மாத்திரை ராக்விடெக், 2014இல் அனுமதி பெற்றது. முதல் மாத்திரையை டாக்டர் முன்னிலையில் போட்டு அரை மணி நேரம் உட்காரவேண்டும், அப்புறம் வீட்டிலேயே தினம் ஒன்று. கடுமையான ஒவ்வாமை வந்தால் உடனே போட்டுக்கொள்ள எபிநெஃப்ரின் ஊசியும் கையில் வைத்திருக்கச் சொல்வார்கள். கட்டுக்குள் வராத கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது கிடையாது. பருவத்துக்குக் குறைந்தது 12 வாரம் முன்பே தொடங்கவேண்டும் என்பதால், அடுத்த ஆகஸ்டுக்கு இது வேண்டும் என்றால் ஏப்ரலிலேயே நிபுணரைப் பார்த்துவிடுங்கள்.