பற்றின்மையும் படிவம் 8-உம்

அன்புள்ள ஐயா,

வரும் திங்கட்கிழமை, 2024 மே 20, மும்பையில் நாடாளுமன்றத் தேர்தல். நான் ஒன்பது ஆண்டுகளாகச் செம்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறேன். வங்கி வேலை. இரண்டு மாதங்களாக அலுவலகத்தில் இதே பேச்சு. எனக்கோ எதுவுமே தோன்றவில்லை. கோபம்கூட வரவில்லை.

என் தந்தை சங்கரன்கோவில் பக்கம் ஒரு கட்சியின் கிளைச் செயலாளராக இருந்தவர். தேர்தல் வந்துவிட்டால் வீடு தங்கமாட்டார். அவருடைய சைக்கிளின் முன்கம்பியில் உட்கார்ந்து நான் போகாத பொதுக்கூட்டம் இல்லை. சென்ற ஆண்டு காலமானார். ஏப்ரல் 19 அன்று தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு நடந்தது. என் ஓட்டு அங்கேதான் இருந்தது, நான் போகவில்லை. இங்கே பதியலாம் என்றால், இந்த முகவரியில் வாக்காளர் அட்டை வாங்கக் கூடாது என்கிறார் வீட்டுக்காரர். மராத்தியும் எனக்குச் சரியாக வராது. ஒரே கட்சி இரண்டாக உடைந்து எதிரெதிரே நிற்பதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. நோட்டாவும் ஒரு நடிப்பாகவே படுகிறது.

எழுதுகிறவனுக்கு அரசியலிலிருந்து ஒரு விலகல் வேண்டும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். என்னுடைய விலகல் முதிர்ச்சியா, நோயா?

செ., செம்பூர்

அன்புள்ள செ.,

உங்கள் கடிதம் சனிக்கிழமை இரவு வந்தது. அன்று மாலையோடு பிரச்சாரம் ஓய்ந்து, இந்த நகரத்தில் பல வாரங்களுக்குப் பிறகு மின்விசிறியின் சத்தம் கேட்டது. வேறொரு வேலையாக வாக்காளர் பட்டியல்களைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால் உங்கள் கேள்வியை விட்டுவிட்டு, போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருந்த ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது. “என் ஓட்டு அங்கேதான் இருந்தது.”

தம்பி, 2017 பிப்ரவரியில் இங்கே மாநகராட்சித் தேர்தல் நடந்தது. 2019 ஏப்ரலில் நாடாளுமன்றத்துக்கு, அதே ஆண்டு அக்டோபரில் சட்டமன்றத்துக்கு. இவை எதிலும் உங்களால் வாக்களித்திருக்க முடியாது. நாளையும் முடியாது. வேட்புமனு தாக்கல் மே 3 அன்று முடிந்துவிட்டது, அதன்பின் பட்டியலில் யாரும் கை வைக்க முடியாது. நாளை உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை, பிறகு எப்படி ஏதாவது தோன்றும்? முதிர்ச்சி, நோய் என்று பெரிய சொற்களைத் தேடுவதற்கு முன்னால் இதைக் கவனித்திருக்க வேண்டாமா?

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். எழுதுகிறவனுக்கு விலகல் வேண்டும் என்று நான் சொன்னது கட்சி மேடைகளில் ஏறாமல் இருப்பதைப் பற்றி. அதை வைத்து நீங்கள் உங்களுக்கு விடுப்பு எழுதிக்கொண்டால் நான் பொறுப்பல்ல. சிவசேனை 2022-இலும் தேசியவாத காங்கிரஸ் 2023-இலும் உடைந்தன. மும்பையின் ஆறு தொகுதிகளில் மூன்றில் நாளை சேனையும் சேனையும் மோதுகின்றன, நம் தென்மத்திய மும்பை உட்பட. சிரிப்பு வந்தால் சிரியுங்கள். மராத்தி வராது என்பதை ஏற்கமாட்டேன். நம் தொகுதிக்குள்ளேயே இருக்கும் சயான் கோலிவாடாவில் 2014-இலும் 2019-இலும் சட்டமன்றத்துக்கு வென்றவர் கேப்டன் தமிழ்ச்செல்வன் என்ற தமிழர். நோட்டா பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

இனி பட்டியலுக்கு வருகிறேன். என் அத்தை தாராவியில் இட்லி அவித்து விற்றவர். பின்னிரவிலேயே அடுப்பு மூட்டிவிடுவார். மாமா அலுமினியப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கியபடி மாஹிம், பாந்த்ரா பக்கம் போய்வருவார். நீங்கள் அரசியல் ஈடுபாடு என்று சொல்வது அத்தைக்குத் துளியும் கிடையாது. யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்டால் சொல்லமாட்டார், பாதி நேரம் அவருக்கே நினைவிருக்காது. ஆனால் வாக்காளர் பட்டியல் என்றால் உயிர். 1976-இல் குடிசைகளைக் கணக்கெடுத்துக் கொடுத்த போட்டோ பாஸ், ரேஷன் கார்டு, இவற்றோடு ஒவ்வொரு பட்டியலிலிருந்தும் தன் பெயர் இருக்கும் பக்கத்தின் முத்திரையிட்ட நகல். எல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள். ஒரு பட்டியலில் அவர் ஆணாகிவிட்டார், இன்னொன்றில் மகனைவிட இளையவர். ஒவ்வொரு முறையும் நாள் முழுக்க வரிசையில் நின்று திருத்திக்கொண்டு வருவார். சேஷன் தேர்தல் ஆணையராக இருந்தபோது புகைப்பட அடையாள அட்டை வந்தது. தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவில் எல்லோரும் ‘நம்மவர்’ என்று அவரைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருக்க, அத்தை அட்டையில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று என்னைப் படிக்கச் சொன்னார்.

பக்கத்து வீட்டுக்காரர் நேர்மாறு. எந்தக் கட்சியில் யார் யாரோடு சண்டை என்பதெல்லாம் அவருக்கு விரல்நுனியில் இருக்கும். டில்லியில் ஆட்சி கவிழப்போகிறது என்று டீக்கடையில் முதலில் சொல்வது அவராகத்தான் இருக்கும். 1992 டிசம்பர், 1993 ஜனவரி கலவரங்களின்போது பயந்து குடும்பத்தோடு ஊருக்குப் போனார். யார்தான் பயப்படவில்லை. பல மாதம் கழித்துத் திரும்பினார். இடையில் கணக்கெடுக்க வந்தவர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பட்டியலிலிருந்து பெயர் விடுபட்டுவிட்டது. அப்புறம் பார்க்கலாம் என்று அவரும் விட்டுவிட்டார்.

பிறகு அரசு ஒரு தேதி சொன்னது. 1995 ஜனவரி 1 அன்று பட்டியலில் இருந்த குடிசைவாசிக்கு மாற்று வீடு கிடைக்கும். தாராவித் தமிழர்கள் இதற்கு மராத்திச் சொற்களையே சொல்வார்கள். தகுதி உள்ளவர் பாத்ர, இல்லாதவர் அபாத்ர. இருபது ஆண்டுக்கு மேல் ஒரே அறையில் வாழ்ந்த மனிதர் ஒரு நாளில் அபாத்ர ஆனார். பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழைக் காட்டினார், பழைய மின்கட்டண ரசீதைக் காட்டினார். பட்டியலில் பெயர் எங்கே என்று கேட்டார்கள். 2014-இல் சட்டத்தைத் திருத்தி அந்தத் தேதியை 2000 ஜனவரி 1-க்கு நகர்த்தினார்கள். அதற்குள் அவர் அறையைக் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு தொலைதூரப் புறநகரான நாலாசோபாராவுக்குப் போய்விட்டார். இப்போது தாராவியில் மறுபடியும் வீடு வீடாகக் கணக்கெடுக்கிறார்கள். 2000-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு அங்கேயே 350 சதுர அடி, மற்றவர்களுக்கு வேறெங்கோ என்கிறார்கள். அத்தையின் தகரப் பெட்டி மறுபடியும் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்திருக்கிறது.

உங்களுக்குத் தகரப் பெட்டி தேவைப்படவில்லை. வங்கி அடையாள அட்டையும் சம்பளச் சீட்டும் போதும், யாரும் உங்களிடம் இங்கே வாழ்ந்தாயா என்று கேட்கப்போவதில்லை. அதனால்தான் அரசியல் உங்களுக்கு மனநிலை பற்றிய விஷயமாக இருக்கிறது. மும்பையில் இது ஒன்றும் அபூர்வமில்லை. 2009-இல் வாக்குப்பதிவு வியாழக்கிழமை வந்தது, மறுநாள் மே 1 விடுமுறை. 2019-இல் திங்கட்கிழமை, நாளையும் திங்கட்கிழமை. இன்று மலைவாசத்தலமான லோனாவாலாவில் அறை கிடைக்காது. அங்கே போனவர்களுக்கும் விலகல்தான். அவர்கள் யாருக்கும் கடிதம் எழுதுவதில்லை என்பதால் உங்கள்மேல் எனக்குக் கொஞ்சம் மதிப்பு இருக்கிறது.

ஆனாலும் கேட்கிறேன். போன திங்கட்கிழமை புழுதிப்புயலில் காட்கோபர் பெட்ரோல் பங்கின்மேல் விளம்பரப் பலகை விழுந்து பதினைந்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவு 40-க்கு 40 அடி, அந்தப் பலகை 120-க்கு 120. இதை எந்தக் கவுன்சிலரிடம் போய்க் கேட்பீர்கள்? 2022 மார்ச்சிலிருந்து இந்த நகரத்தின் 227 வார்டுகளுக்கும் கவுன்சிலரே கிடையாது. தேர்தலே நடக்கவில்லை, அதிகாரி ஒருவர் நிர்வாகியாக இருந்து நடத்துகிறார். இரண்டு ஆண்டாக அது நடக்காததை உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? நீங்கள் கவனித்தீர்களா? தமிழ்நாட்டில் எந்தத் தொகுதியில் யார் முந்துகிறார் என்று உங்களைக் கேட்டால் சொல்லிவிடுவீர்கள் என்று நினைக்கிறேன்.

இவ்வளவு திட்டியபின் தந்தையைப் பற்றி. வாக்காளர் பட்டியலில் ஒரே வீட்டு எண்ணின் கீழ் குடும்பத்தார் பெயர்கள் வரிசையாக இருக்கும். உங்கள் ஊர்ப் பக்கத்திலும் தந்தை, அம்மா, நீங்கள் என்று இருந்திருக்கும். அவர் பெயரை நீக்கியிருப்பார்கள், அல்லது அடுத்த திருத்தத்தில் நீக்குவார்கள். நீங்களும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் அம்மா மட்டும் மிஞ்சுவார். அதற்குக் கை வரவில்லை என்றால் எனக்குப் புரிகிறது. ஏப்ரல் 19 அன்று ஊருக்குப் போக முடியாததும் அதனால்தான் என்று தோன்றுகிறது. தந்தை இல்லாத முதல் தேர்தல் அது. சாவடி வாசலில் அவர் மேசை போட்டு உட்காரும் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்க்க வேண்டியிருந்திருக்கும். இதற்கெல்லாம் கொஞ்ச காலம் ஆகும் செ. உங்களை நீங்களே வைத்தியரிடம் அனுப்பாதீர்கள்.

சைக்கிளில் போன கூட்டங்கள்தான் உங்கள் நினைவில் நிற்கின்றன. சிறுவனுக்கு அப்படித்தான் நிற்கும். கிளைச் செயலாளரின் வேலையில் பெரும்பகுதி கூட்டமில்லாத நாட்களில் நடப்பது. தெருவில் யார் செத்தார், எந்த வீட்டுக்கு மருமகள் வந்திருக்கிறாள், யாருக்குப் பதினெட்டு வயது முடிந்தது, யார் பெயர் விட்டுப்போயிற்று என்று பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். உங்கள் தந்தையும் அதைச் செய்திருப்பார். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். பெயரைச் செம்பூருக்கு மாற்றப்போவதாக அவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள், பட்டியலில் பார்த்துத் தெரிந்துகொள்ள வைக்காதீர்கள்.

மாற்றத்தான் வேண்டும். ஊரில் வீடு இருக்கிறது என்பதால் மட்டும் ஒருவர் அங்கே வசிப்பவராகிவிட மாட்டார் என்று 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. ஒன்பது ஆண்டைத் தற்காலிகம் என்று எந்த அதிகாரியிடமும் வாதாட முடியாது. ஜூன் 4 அன்று முடிவுகள் வந்து சந்தடி அடங்கியதும் படிவம் 8 கொடுங்கள், முகவரி மாறியவர்களுக்கு அதுதான். அவசரத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கான படிவம் 6-ஐ நிரப்பிவிடாதீர்கள். இரண்டு இடத்தில் பெயர் இருக்கக் கூடாது, பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. இந்த ஆண்டு முடிவதற்குள் சட்டமன்றத் தேர்தல் வந்துவிடும், தள்ளிப்போட நேரமில்லை.

முகவரிக்குப் பதிவு செய்த வாடகை ஒப்பந்தமோ வங்கிப் புத்தகமோ போதும், வீட்டுக்காரரின் சம்மதம் தேவையில்லை. வாக்காளர் அட்டை கொடுத்தால் வீடு பறிபோய்விடும் என்று பயப்படுகிறவர்கள் இந்த ஊரில் நிறைய. சரிபார்க்க ஆள் வரும்போது அவர் மறித்தால் எனக்குப் போன் செய்யுங்கள். அவரோடு மராத்தியில் நான் பேசிக்கொள்கிறேன்.