கமிட்டி இருக்கட்டும், அப்பா வரைந்த தாள் எங்கே?

கேள்வி: சென்னையில் கிராஃபிக் டிசைனராக இருக்கிறேன். சொந்த ஊர் திருவாரூர் பக்கம். நான் படித்த பள்ளியின் நூற்றாண்டு விழாவுக்கு லோகோ கேட்டார்கள். எளிமையாகச் செய்து அனுப்பினேன். கோபுரம், நெற்கதிர், குத்துவிளக்கு, சரஸ்வதி எல்லாமே வேண்டும் என்கிறது விழாக் கமிட்டி. அங்கே டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவும் காலண்டர் தாளின் பின்பக்கம் பழைய தண்டவாள மணியை வரைந்து நீட்டினார். அது வேறு தலைவலி. இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது? கட்டணம் எவ்வளவு கேட்கலாம்?

பதில்: கமிட்டி என்றால் ஆளுக்கொரு படம் கேட்கத்தான் செய்யும். அதை விடுங்கள் தம்பி. உங்களுக்குப் பென்சில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த மனிதர் வரைந்தது தலைவலியா? அந்தத் தாளை ஒழுங்காகப் பார்த்தீர்களா?

நீங்கள் இணைத்திருந்த டிசைனை நான் பார்த்தேன். நீல வட்டம், நடுவில் 100. பள்ளியின் பெயரை எடுத்துவிட்டால் நகைக்கடை விழாவுக்கும் பொருந்தும். கமிட்டி கேட்பதும் அப்படித்தான். கோபுரம் தமிழக அரசு முத்திரையிலேயே இருக்கிறது. டெல்டாவில் நெற்கதிர் இல்லாத போர்டு ஏது? நாகப்பட்டினம்–திருச்சி ரயில் பாதை 1860களிலேயே வந்த பக்கம் உங்களுடையது. அங்கே கழித்துப்போட்ட தண்டவாளத் துண்டு பள்ளிக்கூட மணியாக ஒலித்ததை, அந்தக் கமிட்டிப் பெரியவர்களும் காதால் கேட்டு வளர்ந்திருப்பார்கள்.

தொழில் கணக்கும் அப்பா பக்கம்தான். தொங்கும் ஓர் இரும்புத் துண்டு, பக்கத்தில் சுத்தியல். ரப்பர் ஸ்டாம்பில் மை அப்பாது. மஞ்சப்பையில் ஒரே கலரில் ஸ்கிரீன் பிரிண்ட் போடலாம். கலர் கூடினால் செலவும் கூடும் என்று உங்களுக்கே தெரியும். கமிட்டி கேட்ட அத்தனையையும் ஓர் அங்குல அளவில் அச்செடுத்து அவர்கள் முன்னால் வையுங்கள். வீணை எது, விளக்கு எது என்று அவர்களே தேடட்டும். சரஸ்வதியை அழைப்பிதழின் உள்பக்கத்தில் அழகாக உட்காரவைத்துவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டாள்.

வாட்ஸப்பில் படம் அனுப்பச் சொல்லாமல் நேரில் போங்கள். கறுப்பு மையில் பெரிதாக அப்பாவையே மறுபடி வரையச் சொல்லி, ஸ்கேன் செய்து, எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாத வெக்டார் படமாக மாற்றுங்கள். கோடு கொஞ்சம் கோணியிருந்தால் கோணட்டும், கம்ப்யூட்டரில் நிமிர்த்தாதீர்கள். கமிட்டியிடம் அவரே காட்டட்டும். விழா மலரில் சின்னம் வரைந்தவர் என்று அவர் பெயர்தான் வர வேண்டும்.

அப்புறம் கட்டணம். உங்கள் அப்பா சம்பளம் வாங்கி உங்களை வளர்த்தது அந்தப் பள்ளிக்கூடத்தில். அதற்கே பில் போடுவீர்களா? அச்சுச் செலவைக் கமிட்டி கொடுக்கட்டும், அதோடு சரி.