கட்டிலுக்கு அடியில் நாய், இடுப்பில் குழந்தை

சகோதரி, பினாங்கு ஆயர் ஈத்தாமில் உள்ள அடுக்குமாடி வீட்டில் வெடிச் சத்தம் கேட்டு 2 வயது மகள் அலறுகிறாள், நாய் கட்டிலுக்கு அடியில் நடுங்குகிறது, சீனப் புத்தாண்டை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

பினாங்கில் முதல் இரவைவிட எட்டாம் நாள் இரவுதான் கடுமை. ஹொக்கியன் சீனர்கள் தீ கோங் என்னும் வானுலகக் கடவுளுக்குப் பூஜை செய்யும் இரவு அது. நள்ளிரவில் பட்டாசு உச்சத்துக்குப் போகும். காலண்டரில் இப்போதே குறித்து வையுங்கள். அன்று வெளிச்சம் இருக்கும்போதே நாயை நடத்திக் கூட்டிவந்து, சாப்பாடு போட்டு, கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்துவிடுங்கள். எங்கள் நாய் ஒரு தீபாவளியன்று திறந்திருந்த கேட் வழியாக ஓடிப்போய், இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது. அந்த இரண்டு நாளை நான் மறக்கவே மாட்டேன். கழுத்துப்பட்டையில் உங்கள் போன் நம்பர் கட்டாயம் இருக்கட்டும்.

கட்டிலுக்கு அடியிலிருந்து அதை இழுக்காதீர்கள். நமக்குக் கேட்காத கீச்சென்ற ஒலிகளும் அதற்குக் கேட்கும்: நமக்கு 20,000 ஹெர்ட்ஸ் வரைதான், நாய்க்கு ஏறக்குறைய 45,000 வரை. அங்கேயே பழைய போர்வையைப் போட்டு, வெடிச் சத்தம் அமுங்க மின்விசிறியை வேகமாக வையுங்கள். தடவிக்கொடுத்தால் பயம் கூடும் என்பார்கள். அது சரியில்லை, தாராளமாகத் தடவுங்கள். மருந்து வேண்டுமென்றால் முன்கூட்டியே கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். நம் மாத்திரைகள் வேண்டவே வேண்டாம்.

பாப்பாவுக்குப் பகலிலேயே போனில் வெடிச் சத்தத்தை மெதுவாகப் போட்டு விளையாட்டுக் காட்டுங்கள். குழந்தைகளுக்கான காதுக் கவசமும் உதவும். அப்புறம், பயந்த நாய் கடிக்கலாம். அந்த நேரத்தில் அவளை அதன் பக்கத்தில் தனியாக விடாதீர்கள்.