நாய்க்கு தினமும் எவ்வளவு நடை வேணும்? நம்ம ஊர் வெயில்ல எப்போ கூட்டிட்டுப் போறது?

காரைக்குடில 20 வருஷமா நாய் வளக்குறேன், நீங்க கேட்டதுக்கெல்லாம் ஒண்ணொண்ணா சொல்லிட்டு வர்றேன்.

பள்ளத்தூர் தம்பி: அண்ணே, எங்க வீடு முகப்புலருந்து பின்கட்டு வரைக்கும் அவ்ளோ நீளம், 3 வயசு லேப்ரடார் நாய் (லேப்) இருக்கு, உள்ளயே ஓடிக்கும்ல, தனியா வாக்கிங் வேணுமா?

கண்டிப்பா வேணும் தம்பி. வீடு பெருசா இருந்தா நாய் ஓடும்னு நாமதான் நினைச்சுக்குறோம், மத்தியானம் நடு முத்தத்தைச் சுத்தின வளவுல போய்ப் பாருங்க, ஆத்தங்குடி டைல்ஸ்ல வயித்தை ஒட்ட வச்சு பின்னங்கால் ரெண்டையும் தவளை மாதிரி நீட்டிக்கிட்டு கிடக்கும், நீங்க தாண்டிப் போனா கண்ணை மட்டும் உருட்டும். கூட ஆள் வந்தாதான் அது நடக்கும். லேபுக்கு காலைல 40 நிமிஷம், சாயங்காலம் 40 நிமிஷம் குடுங்க. விலாவைத் தடவிப் பாருங்க, எலும்பு கைக்குத் தட்டுப்படலன்னா எடை ஏறிருச்சு.

தேவகோட்டைலருந்து: அண்ணே, காலைல எந்திரிக்க முடியல, 9 மணிக்கு மேல கூட்டிட்டுப் போலாமா?

வேணாங்க, நான் பட்டுட்டேன். ஒரு சித்திரை மாசம் லேட்டாகி 10 மணிக்குக் கூட்டிட்டுப் போனேன், திரும்பி வரும்போது நாக்கு செவசெவன்னு தொங்கி எச்சில் கோந்து மாதிரி வடிஞ்சு நடுரோட்ல படுத்துருச்சு, தூக்கிட்டு ஓடி நிழல்ல போட்டு உடம்பு பூரா தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே டாக்டர்ட்ட கொண்டு போனேன், பொழைச்சது பெரும்பாடு. நாய்க்கு நார்மல் சூடே 101லருந்து 102.5 டிகிரி, 104 தாண்டினா ஆபத்து. நமக்கு மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கணும், காத்தே அனலா இருந்தா எப்படித் தணியும்? காலைல 7 மணிக்குள்ள முடிச்சுருங்க, சாயங்காலம் பொழுது சாஞ்சப்புறம் போங்க. கிளம்புறதுக்கு முன்னாடி புறங்கையை தார் ரோட்ல 7 செகண்ட் வச்சுப் பாருங்க, நம்மால தாங்க முடியலன்னா அதோட பாதமும் தாங்காது.

கானாடுகாத்தான் ஆச்சி: எங்க பக் நாய் கொஞ்சம் நடந்தாலே கொர்கொர்ங்குது, பயமா இருக்குப்பா.

சப்பை மூக்கு ஆச்சி, மூச்சுப் பாதையே குறுகல். 15 நிமிஷம் ரெண்டு வேளை, அதுவும் மெதுவா. கழுத்துப் பட்டை வேணாம், நெஞ்சோட மாட்டுற பெல்ட் வாங்குங்க.

புதுவயல்லருந்து: சிப்பிப்பாறை வச்சிருக்கேன், சங்கிலியை அத்துக்கிட்டு ஆட்டைத் துரத்துது.

அது முயலை விரட்டிப் பிடிக்கவே வளத்த ஜாதிங்க, நாள் பூரா கட்டிப் போட்டா அப்படித்தான் ஆகும், அது மேல தப்பே இல்ல. வேலி அடைச்ச தோப்பு இருந்தா தினமும் 20 நிமிஷம் அவுத்து விட்டு வேகமா ஓட விடுங்க, அது போக ஒரு மணி நேரம் கயித்துல நடக்கட்டும். ஆடு மேயுற இடத்துல மட்டும் அவுக்காதீங்க.

கோட்டையூர்லருந்து: 4 மாசக் குட்டி, பிள்ளைக வளவுல பந்து போட்டு விளையாடுதுக. சரியா?

அந்த வழவழப்புல சறுக்கி சறுக்கி ஓடினா இடுப்பு மூட்டு கெடலாம், சாக்கு இல்ல பாய் விரிச்சு விளையாட விடுங்க. குட்டியோட வயசுல ஒரு மாசத்துக்கு 5 நிமிஷம்னு ஒரு கணக்கு சொல்வாங்க, அப்ப 20 நிமிஷம், ரெண்டு வேளை. ஊசி எல்லாம் போட்டு முடிச்சப்புறம் தெருவுல இறக்குங்க.

ஒரு அக்கா: சாப்பிட்ட உடனே போலாமா?

ஒரு மணி நேரமாவது போகட்டும்க்கா. பெரிய நாய்க்கு வயிறு முறுக்கிக்கிட்டா உயிருக்கே ஆபத்து.

அதே அக்கா: எங்க பழைய நாய்க்கு 11 வயசு, நாலு வீடு தாண்டினதும் நின்னுருது.

நிக்கட்டும், இழுக்காதீங்க. தூண் தூணா மோந்து பாக்குறதே அதுக்குப் பெரிய வேலை. 10 நிமிஷமா மூணு தடவை போங்க, திடீர்னு நொண்டினா மட்டும் டாக்டர்ட்ட காட்டிருங்க.