வீடு யாருடையது, திறப்பு யாரிடம்? (வாசகர் கேள்வி பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, படிக்கப் போன பெண்பிள்ளைகள் எங்கே தங்குகிறார்கள் என்பதைப் பற்றியே இருந்தன. ஒன்று அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையைப் பற்றியது, மற்றவை எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, கொக்குவில் பக்கத்துக் கதைகள். எல்லாவற்றையும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். பாதி புலமைப்பரிசில், மீதி என் அண்ணன் அனுப்புகிற காசு. போன கிழமை போன் எடுத்து, 'சொரோரிற்றி' ஒன்றில் சேர்ந்துவிட்டேன், வருகிற வருடம் அவர்களுடைய வீட்டில்தான் இருக்க வேண்டும் என்கிறாள். முகப்பில் கிரேக்க எழுத்துப் போட்ட ஒரு பெரிய வெள்ளை வீட்டின் படமும் அனுப்பினாள். ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பி, அது குடித்துக் கூத்தடிக்கிற இடம், உடனே மறியுங்கள் என்கிறான். இவளுடைய அப்பா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அது என்ன வீடு? விடலாமா?
— ஒரு தாய், சாவகச்சேரி

பதில்: அம்மா, பட்டினி கிடக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. அவரைச் சாப்பிட வைத்துவிட்டு இதை இரண்டு பேருமாக வாசியுங்கள்.

சொரோரிற்றி என்பது மாணவிகளின் சங்கம். லத்தீனில் 'சொரோர்' என்றால் சகோதரி. சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் 1874 இல் தொடங்கிய காமா ஃபை பீட்டா என்ற சங்கத்துக்காக அங்கிருந்த லத்தீன் பேராசிரியர் ஒருவர் எடுத்துக் கொடுத்த சொல் அது. அந்தச் சங்கங்கள் தொடங்கிய காரணம்தான் எனக்குப் பிடித்த பகுதி. இந்தியானா மாநிலத்தில், இன்று டிபோ பல்கலைக்கழகம் என்று சொல்லப்படும் இடத்தில், 1867 இல்தான் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்தார்கள். ஆண்களுக்குச் சங்கம் இருந்தது, பெண்களை அதில் முழு உறுப்பினராக எடுக்க மாட்டார்கள், வகுப்புக்குப் போனாலும் வரவேற்பு இல்லை. அப்ப, 1870 இல் நான்கு மாணவிகள் சேர்ந்து கப்பா அல்பா தீட்டா என்று தங்களுக்கே ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள். வீடுகள் அதற்குப் பிறகு வந்தவை. பெண்களுக்கு விடுதி இல்லாத கல்லூரிகளில் அந்தப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகள் கம்பஸுக்குப் பக்கத்துக் கலட்டியில் அறை தேடி அலைவது போலத்தான் ஊருக்குள் அலைந்தார்கள். சிரக்கியூஸில் அல்பா ஃபை என்ற சங்கம் 1886 இல் தனக்கென்று ஒரு வீட்டையே கட்டிக்கொண்டது, பெண்கள் சங்கம் ஒன்று சொந்தமாகக் கட்டிய முதல் வீடு அதுதான்.

உங்கள் மகள் அனுப்பிய வெள்ளை வீடும் அந்த வழியில் வந்ததுதான். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் உள்ள கிளையை 'சப்டர்' என்பார்கள், அது குடியிருப்பது சப்டர் ஹவுஸ். பல இடங்களில் அந்த வீடு பல்கலைக்கழகத்தின் சொத்து இல்லை. அங்கே படித்துவிட்டுப் போன பழைய உறுப்பினர்கள் ஒரு நிறுவனமாகப் பதிந்து வீட்டை வைத்திருப்பார்கள், கூரை ஒழுகினால் அவர்கள்தான் பார்க்க வேண்டும். பிள்ளைகளோடு ஒரு பொறுப்பாளர் அம்மாவும் தங்கியிருப்பார். முந்தி 'ஹவுஸ் மதர்' என்றார்கள், இப்போது ஹவுஸ் டிரெக்டர் என்கிறார்கள். சமையலுக்கு ஆள் உண்டு. மாணவிகளில் ஒருத்தியை வீட்டு மனேஜராகத் தெரிவு செய்வார்கள். கேற் நேரம், விருந்தாளிகள், துப்புரவு முறை எல்லாம் அவர்கள் கூட்டத்தில் கதைத்து எழுதி வைத்திருப்பார்கள். எல்லா இடத்திலும் வீடு இருக்கும் என்றும் இல்லை, சில பல்கலைக்கழகங்களில் விடுதியின் ஒரு மாடியை மட்டும் கொடுத்திருப்பார்கள், சில இடங்களில் கூடிக் கதைக்க ஒரு அறையோடு சரி. மத்திய மாநிலங்களில் சில பழைய வீடுகளில் இன்னொரு வழக்கமும் உண்டு: படிக்கத் தனித்தனி அறை, படுக்க எல்லோருக்கும் ஒரே மண்டபம், அடுக்குக் கட்டில்கள், பனிக்காலத்திலும் யன்னல் திறந்திருக்கும். மகளுடைய வீடு அப்படியானதா என்று கேட்டு, அப்படியானால் ஒரு நல்ல கம்பளி வாங்கக் காசு அனுப்புங்கள்.

தம்பி சொன்னதில் ஒரு துண்டு உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். குடியும் கூத்தும் உண்டு. ஆனால் 1902 இல் தொடங்கிய பெரிய கூட்டமைப்பைச் சேர்ந்த பெண்கள் வீடுகளில் பெரும்பாலும் மதுவைக் கொண்டுவரவே முடியாது. பார்ட்டி நடப்பது பையன்களுடைய வீடுகளில். ஆகவே மகளிடம், இந்த வீட்டில் இருக்கலாமா என்பதைவிட, சனிக்கிழமை இரவு மற்ற வீட்டுக்குப் போனால் யாரோடு போகிறாய், யாரோடு திரும்பி வருகிறாய் என்றுதான் கேட்க வேண்டும். இன்னொன்று பகிடிவதை. அங்கே 'ஹேசிங்' என்பார்கள். 2024 டிசம்பரில் அதற்கென்றே ஒரு மத்திய சட்டம் கொண்டுவந்து, நடக்கிற சம்பவங்களைப் பல்கலைக்கழகங்கள் கணக்கெடுத்து வெளியிட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். எங்கள் நாட்டில் பகிடிவதையைத் தடை செய்கிற 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் இருந்தும் அது நின்றதா? மகளை யாராவது இரவில் எழுப்பி எதையாவது செய்யச் சொன்னால் அன்றே உங்களிடம் சொல்ல வேண்டும், நீங்கள் ஏச மாட்டீர்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது விஷயம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

அங்கே பல தலைமுறையாக ஒரு வதந்தி உண்டு: ஒரு வீட்டில் இத்தனை பெண்களுக்கு மேல் சேர்ந்திருந்தால் அது விபசார விடுதி என்று பழைய சட்டம் இருக்கிறதாம், அதனால்தான் சில ஊர்களில் சொரோரிற்றி வீடு இல்லையாம். அப்படி ஒரு சட்டத்தைத் தேடிப் பார்த்தவர்கள் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பெண்பிள்ளைகள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு வீட்டில் இருந்தால் ஊர் இப்படித்தான் கதைக்கும், அமெரிக்கா என்றாலும் சாவகச்சேரி என்றாலும். தம்பியின் பேச்சில் எனக்கு அந்த வாடைதான் அடிக்கிறது.

சரி, காசுக் கதைக்கு வருவோம், நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். ஒப்பந்தத்தை அனுப்பச் சொல்லி அண்ணனை வடிவாக வாசிக்கச் சொல்லுங்கள். வழக்கமாக அது முழுக் கல்வியாண்டுக்கும் கையெழுத்து, இடையில் விலகினாலும் கட்ட வேண்டி வரும். வாடகையும் சாப்பாடும் ஒரு கணக்கு, சங்கத்தின் சந்தா வேறு கணக்கு. புலமைப்பரிசிலில் தங்குமிடத்துக்கு என்று பகுதி இருந்தால் அது பல்கலைக்கழக விடுதிக்கு மட்டுமா, வெளி வீட்டுக்கும் செல்லுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சமையல்காரர் சனி ஞாயிறில் வராத வீடுகள் பல, பெரிய குசினிக்குள் பிள்ளைகளைச் சமைக்க விடாத வீடுகளும் உண்டு, வெள்ளிக்கிழமை மரக்கறி சாப்பிடுகிற பிள்ளை என்றால் முதலே சொல்லிவைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், நத்தார் விடுமுறையில் பல வீடுகளை அடியோடு பூட்டிவிடுவார்கள். மற்றப் பிள்ளைகள் தங்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், உங்கள் மகள் அந்தப் பனிக்குள் எங்கே போவாள்? அதற்குத் தம்பி பதில் சொல்லட்டும், ரொறன்ரோவுக்குக் கூப்பிட்டு வைத்திருக்கட்டும்.

இதற்கெல்லாம் பதில் சரியாக வந்தால் விடுங்கள் அம்மா. தெரியாத ஊரில் முப்பது நாற்பது பெண்பிள்ளைகளுக்கு நடுவில் இருப்பது, தனி அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பதை விட நல்லது என்பதே என் எண்ணம்.

கேள்வி: அக்கா, நான் ஹற்றனில் இருந்து வந்து யாழ். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். போன வருடம் ஹொஸ்டல், இப்போது ஐந்து பேராக ஒரு வீட்டில் போர்டிங். வீட்டுக்கார அன்ரி ஆறரைக்கு கேற்றைப் பூட்டிவிடுகிறார். நாங்கள் இல்லாத நேரம் அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்து பார்க்கிறார். மூன்று மாத அட்வான்ஸ் வாங்கினார், பற்றுத் துண்டு தரவில்லை. இந்த வீடு கிடைப்பதற்கு முன் இரண்டு இடத்தில் எந்த ஊர் என்று கேட்டுவிட்டு இடமில்லை என்றார்கள். இதையும் விட்டால் வேறு எங்கே போவது என்று பேசாமல் இருக்கிறோம்.
— மாணவி, திருநெல்வேலி

பதில்: தங்கச்சி, உன் கடிதத்தை வாசித்தபோது எனக்கு ஒரு பூட்டுத்தான் ஞாபகம் வந்தது. 2003 இல் நானும் அந்தப் பக்கம்தான் போர்டிங். வவுனியாவில் இருந்து வருகிற பஸ் ஓமந்தையிலும் முகமாலையிலும் இறக்கி ஏற்றி, சோதனை முடிந்து, ஒருநாள் நான் கேற்றடிக்கு வரும்போது ஏழேகால். சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. பூட்டு உள்பக்கமாக, கம்பிக்குள் கை விட்டால் தொடக்கூடிய தூரத்தில் தொங்கியது. கூப்பிட்டேன். முன்னறை லைற் எரிந்தது, திரைச்சீலை ஒருக்கால் அசைந்தது, பிறகு அசையவில்லை. அரை மணித்தியாலம் நின்றேன். எதிர்வீட்டு அம்மம்மா ஒருவர் ரோச் அடித்துப் பார்த்து, உள்ளே கூட்டிப் போய், பாய் போட்டு, மிச்சம் இருந்த புட்டும் சம்பலும் தந்தார். அடுத்த நாள் வீட்டுக்காரர் சொன்னது, நேரம் என்றால் நேரம்தான் பிள்ளை என்று. இன்றைக்கும் சங்கிலிச் சத்தம் கேட்டால் எனக்கு வயிறு கலங்கும்.

அதனால் பேசாமல் இருக்காதே. ஆனால் தனியாகப் போகாதே, ஐந்து பேரும் சேர்ந்து போங்கள். அதற்கு முன் நீங்கள் ஐந்து பேரும் ஒரு பின்னேரம் இருந்து ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு வருவோம், நூலகம் அல்லது செய்முறை வகுப்பு உள்ள நாளில் எத்தனை மணி, பிந்தினால் யாருக்குப் போன் எடுப்போம், கரண்ட் பில் எப்படிப் பிரிப்பது, குசினியும் கழிவறையும் கழுவுவது யார் முறை. அன்ரியிடம் முதலில் அந்தத் தாளைக் காட்டுங்கள். பிள்ளைகள் பொறுப்பானவர்கள் என்று கண்டால் பாதிப் பேர் இறங்கி வருவார்கள். பிறகு கேளுங்கள், கேற்றுக்கு ஒரு திறப்பு வேண்டும், நாங்கள் இல்லாத நேரம் அறைக்குள் போக வேண்டாம் என்று. அலுமாரிக்கு நீங்களே ஒரு பூட்டு வாங்கிப் போடுங்கள். துண்டு தராவிட்டால் அடுத்த வாடகையைக் கையில் கொடுக்காமல் அவருடைய வங்கிக் கணக்கில் போடுங்கள், வைப்புச் செய்த துண்டே உங்களுக்குச் சாட்சி. அதற்கும் சரிவராவிட்டால் உங்கள் பீடத்து மாணவர் ஆலோசகரிடம் போங்கள்.

எந்த ஊர் என்று கேட்டுவிட்டு இடமில்லை என்றவர்களைப் பற்றி. எந்த ஊர் என்ற கேள்விக்குள் என்ன சாதி என்ற கேள்வியும் இருக்கிறது, மலையகமா என்ற கேள்வியும் இருக்கிறது, இங்கே பிறந்து வளர்ந்த எல்லோருக்கும் அது தெரியும். அதை நான் வெட்கத்தோடு எழுதுகிறேன். மேலே சொன்ன சொரோரிற்றிகளிலும் இந்த அழுக்கு இருந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் கறுப்பினப் பிள்ளைகளைத் தங்கள் சங்கங்களில் எடுக்காத காலத்தில், வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக் கறுப்பின மாணவிகள் 1908 இல் அல்பா கப்பா அல்பாவைத் தொடங்கினார்கள். அமெரிக்கத் துணை ஜனாதிபதியாக இருந்த, எங்கள் தமிழ்ப் பெண் ஒருவரின் மகளான கமலா ஹாரிஸ் அதில் உறுப்பினர். தெற்காசியப் பிள்ளைகளுக்கு என்று ஒன்று வர 1998 ஆகிவிட்டது, ஒஸ்ரினில் தொடங்கிய கப்பா ஃபை காமா. அலபாமா பல்கலைக்கழகத்தில் 2013 இல்கூட, படிப்பில் மிகத் திறமையான ஒரு கறுப்பின மாணவியைத் தோலின் நிறத்துக்காக எடுக்காமல் விட்டதை மாணவர் பத்திரிகையே வெளியில் கொண்டுவந்தது. பல்கலைக்கழகம் தலையிட்டு மறுபடி ஆட்களைச் சேர்க்க வைத்தது. வெளியில் சொன்னதால்தான் அது நடந்தது. நீயும் எனக்கு எழுதினாய், அது பெரிய காரியம்.

கேள்வி: பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். மேல்மாடி சும்மா கிடக்கிறது. எட்டுப் பெண்பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, கொக்குவில்

பதில்: கொடுங்கள் ரீச்சர். எட்டுப் பேருக்கு ஒரு குளியலறை என்றால் காலையில் சண்டைதான், இன்னொன்று கட்டிவிட்டுக் கொடுங்கள். மாடிக்குத் தனிப் படி இருந்தால் உங்களுக்கும் நிம்மதி, அவர்களுக்கும் நிம்மதி. கிணற்று மோட்டருக்கும் கரண்டுக்கும் எவ்வளவு என்று முதல் நாளே சொல்லுங்கள், ஒவ்வொரு மாதமும் துண்டு கொடுங்கள், திறப்புக் கொடுங்கள். எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.

கேள்வி: அக்கா, நாங்களும் இங்கே சொரோரிற்றி மாதிரி ஒன்று தொடங்கலாமா?
— மூன்றாம் வருட மாணவிகள் நால்வர், யாழ்ப்பாணம்

பதில்: கிரேக்க எழுத்தும் இரகசியச் சடங்கும் எங்களுக்கு வேண்டாம். வீடு வேண்டும்.

பெண்பிள்ளைகள் சேர்ந்து தங்கிப் படிப்பது இந்த மண்ணுக்குப் புதிது இல்லை. அமெரிக்க மிஷனறிமார் உடுவிலில் பெண்களுக்கு விடுதியோடு பள்ளிக்கூடம் தொடங்கியது 1824 இல், அந்த நாலு இந்தியானா மாணவிகளுக்கு 46 வருடம் முன்னால். எங்களிடம் இல்லாதது, படித்துவிட்டுப் போனவர்கள் பின்னால் வருகிறவர்களுக்கு வீடு வாங்கி வைக்கிற பழக்கம். பழைய மாணவிகள் சங்கங்கள் இங்கே குறைவா? இலண்டனில் கிளை, ரொறன்ரோவில் கிளை, சிட்னியில் கிளை. வருடா வருடம் இராப்போசனம் வைத்துக் காசு சேர்த்துப் பள்ளிக்கூடத்துக்கு மண்டபம் கட்டுகிறார்கள், அலங்கார வளைவு கட்டுகிறார்கள். அதே பள்ளிக்கூடத்துப் பிள்ளை கம்பஸுக்கு வந்த பிறகு ஆறரை மணிக்குப் பூட்டிய கேற்றடியில் நிற்கிறாள்.

அவர்கள் சேர்ந்து பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை வாங்கி, ஒரு நம்பிக்கைப் பொறுப்பாகச் சட்டத்தரணியிடம் பதிந்து, ஹற்றன், மன்னார், முல்லைத்தீவு, நெடுந்தீவு என்று எங்கிருந்து வந்த பிள்ளைக்கும் திறந்து விடலாம். பொறுப்புக்கு ஒரு அம்மாவை வைக்கலாம், ஓய்வுபெற்ற ஆசிரியைமார் எத்தனையோ பேர் தனியாக இருக்கிறார்கள். நேரமும் முறையும் பிள்ளைகளே கூட்டம் வைத்து எழுதட்டும். வேலைக்குப் போனதும் ஒவ்வொருத்தியும் மாதம் ஒரு சிறு தொகை அந்த வீட்டுக்கு அனுப்பட்டும்.

நீங்கள் நாலு பேரும் முதலில் உங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவிகள் சங்கங்களுக்கு ஆளுக்கொரு கடிதம் எழுதுங்கள், வரைந்து முடித்ததும் எனக்கு அனுப்பினால் பார்த்துத் திருத்தித் தருகிறேன். வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கிற அக்காமாருக்கும் சொல்கிறேன்: பரமேஸ்வரா சந்தியில் இருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், கிணறும் நாலு அறையும் உள்ள வீடு ஏதும் உங்கள் குடும்பத்தில் பூட்டிக் கிடந்தால், திறப்பு யாரிடம் இருக்கிறது என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்கள்.