எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் என்றால் வெளியே போகிற பலகாரத் தட்டுதான்

கேள்வி: குடும்பமாகக் கிறிஸ்துமஸ் கொண்டாட உங்கள் வீட்டில் என்ன பழக்கம் உண்டு? பிள்ளைகள் மனதில் நிற்கும்படி என்ன செய்யலாம்?

கேள்வியைப் படித்தால், நீங்கள் நகரத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறீர்கள், பிள்ளைகள் சின்னவர்கள், 24ஆம் தேதி ராத்திரி பேக்கரி கேக்கை வெட்டி நாலு போட்டோ எடுத்ததும் பண்டிகை முடிந்துபோகிறது என்று தோன்றுகிறது. என் யூகம் தப்பாகவும் இருக்கலாம். சென்னையில் என்னைச் சுற்றியுள்ள பல வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டம், திங்கள்சந்தை பக்கம் ஒரு கிராமம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக் குடும்பம். எங்கள் வீட்டில் பாட்டி வைத்த சட்டம் ஒன்றுதான்: பலகாரம் சுட்டதும் முதல் தட்டு வெளியே போக வேண்டும். அது போய்ச் சேரும்வரை வீட்டில் யாரும் ஒரு துண்டுகூட வாயில் வைக்கக் கூடாது. பேரப்பிள்ளை அழுதாலும் சரி, வெளியூரிலிருந்து வந்த மருமகன் பசியோடு உட்கார்ந்திருந்தாலும் சரி.

அரையாண்டுப் பரீட்சை முடிந்ததுமே வேலை ஆரம்பித்துவிடும். பெரியம்மா, சித்தி, அத்தை எல்லோரும் எங்கள் வீட்டுப் புறவாசலில் கூடிவிடுவார்கள். முறுக்கு, அச்சுமுறுக்கு, அதிரசம் எல்லாம் உண்டு. ஆனால் எங்கள் ஊரில் பண்டிகைக்குப் பெயர் வாங்கித் தருவது முந்திரிக்கொத்துதான். சிறுபயறை வாசம் வரும்வரை வறுத்து, கொரகொரவென்று பொடித்து, வறுத்த தேங்காய்த் துருவல், எள், ஏலக்காய், சுக்கு சேர்த்து, அதில் கருப்பட்டிப் பாகை ஊற்றிக் கிளற வேண்டும். எல்லாமே பாகில்தான் இருக்கிறது. பாட்டி ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விடுவாள். அது கரையாமல் அடியில் தங்கி, விரலால் கூட்டினால் உருண்டு வர வேண்டும். பதம் முந்தினால் உருண்டை உதிரும், பிந்தினால் கல்லாகிவிடும். சூடு ஆறுவதற்குள் உருட்டியாக வேண்டும் என்பதால் பெண்களின் உள்ளங்கை எல்லாம் சிவந்துபோகும். ஒரு ராத்திரி ஆறவிட்டு, மறுநாள் மஞ்சளும் உப்பும் போட்டுக் கரைத்த பச்சரிசி மாவில் முக்கி, மூன்று உருண்டைகளைச் சேர்த்தாற்போல் தேங்காய் எண்ணெயில் விடுவார்கள். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொத்தாக வெந்து வரும்.

பிள்ளைகளுக்கு எண்ணுகிற வேலை. "எண்ணெய்ப் பக்கம் வராத மக்ளே, அங்க இருந்து எண்ணு" என்பாள் பாட்டி. எந்த வீட்டுக்கு எத்தனை கொத்து என்ற கணக்கு அவளுக்கு மனப்பாடம். மேற்கு வீட்டு இந்துக் குடும்பத்துக்கு ஒரு தட்டு. அவர்களும் தீபாவளிக்கு அதே முந்திரிக்கொத்தைத்தான் செய்து எங்களுக்குத் தருவார்கள். ஆனாலும் எங்களுடையது போகும். திருவிதாங்கோட்டு முஸ்லிம் தையல்காரர் வீட்டுக்கு ஒரு தட்டு. கொடுத்த தட்டு ஒருநாளும் வெறுமனே திரும்பி வந்ததில்லை. ஒரு சீப்பு மட்டிப்பழமோ கொஞ்சம் சீனியோ அதில் இருக்கும்.

இவர்கள் எல்லோருக்கும் முன்னால் தட்டு போகிற வீடு ஒன்று உண்டு. அந்த வருஷம் சாவு விழுந்த வீடு. எங்கள் பக்கத்தில் துக்க வீட்டில் அந்த ஆண்டு அடுப்பில் எண்ணெய்ச்சட்டி ஏற்றமாட்டார்கள். மற்றவர்கள்தான் கொண்டுபோய்க் கொடுப்பது. அந்தத் தட்டைப் பாட்டி யார் கையிலும் கொடுத்தனுப்ப மாட்டாள். தானே எடுத்துக்கொண்டு போய், உட்கார்ந்து, பேசிவிட்டுத்தான் வருவாள். நீங்கள் கேட்டீர்களே, பிள்ளைகள் மனதில் நிற்பது எது என்று. என் மனதில் நின்றது இதுதான். மரமும் நட்சத்திரமும் எனக்குப் பிடிக்கும். அப்பா மூங்கில் சிம்பு கட்டி வர்ணத்தாள் ஒட்டிச் செய்த நட்சத்திரம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. ஆனால் பாட்டியோடு துக்க வீட்டுத் திண்ணைக்குப் போன நாட்கள் அதைவிட ஆழமாகப் பதிந்திருக்கின்றன.

2004இல் கிறிஸ்துமஸ் சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறு. நாங்கள் காலை ஆராதனையில் இருந்தபோதுதான் கடல் ஊருக்குள் புகுந்துவிட்டது என்று செய்தி வந்தது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று ஒவ்வொரு பெயராக வந்துகொண்டே இருந்தது. மணக்குடிப் பாலமே அடித்துக்கொண்டு போய்விட்டது என்றார்கள். முதல் நாள் புதுத்துணி உடுத்திப் பண்டிகை கொண்டாடிய ஊர்கள் அவை. வீட்டுக்கு வந்ததும் பாட்டி பலகார டின்களை எல்லாம் இறக்கச் சொன்னாள். நான் பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தேன். "எண்ணாத மக்ளே, அப்படியே அள்ளிக் கட்டு" என்றாள். பெரியப்பாவும் சபை வாலிபர்களும் சோற்றுப் பொட்டலங்களோடு அதையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, ஜனங்கள் தங்கவைக்கப்பட்டிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். அந்தக் கரை முழுவதுமே துக்க வீடாகிவிட்டது, அவ்வளவுதான் அவள் கணக்கு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்து தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் கடலுக்குப் போனவர்கள் திரும்பாத டிசம்பரில் பாட்டி இல்லை. அம்மா அதே வேலையைச் செய்தாள். யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இதற்குக் கீழே வந்து சிலர் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். "கிறிஸ்து பிறப்பின் அர்த்தத்தை விட்டுவிட்டுப் பலகாரத்தையும் புதுத்துணியையும் பேசுகிறீர்கள், இதெல்லாம் ஆடம்பரம்" என்பார்கள். பலகாரத்துக்கு மேலே சொன்னதே பதில். துணிக்கும் பதில் உண்டு. எங்கள் மாவட்டத்து மயிலாடியில் ஜெர்மன் மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் வந்து ஊழியம் தொடங்கிய காலத்தில், திருவிதாங்கூர் ராஜ்யத்தில் எங்கள் சமூகத்துப் பெண்கள் மார்பை மறைத்துத் துணி உடுத்த அனுமதி இல்லை. தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டுகள் நடந்தது. சந்தையில் பெண்களின் மேலாடை கிழிக்கப்பட்டது, கிறிஸ்தவ ஜெபக்கூடங்களும் வீடுகளும் எரிக்கப்பட்டன. 1859இல்தான் அரசு ஆணை வந்தது, அதுவும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்தக் கதையைத் தன் பாட்டி வாய்வழியாகக் கேட்டு வளர்ந்தவள் என் பாட்டி. கிறிஸ்துமஸுக்குப் புதுச்சேலை எடுத்து, மடிப்புக் கலையாமல் உடுத்தி, விடியற்கால ஆராதனைக்கு முதல் வரிசையில் போய் உட்காருவாள். வீட்டு வேலைக்கு உதவிய அக்காவுக்கும் அதே கடையில், அதே விலையில் ஒரு சேலை எடுப்பாள். அதை ஆடம்பரம் என்று யாராவது என் முன்னால் சொன்னால் நான் சும்மா இருக்கமாட்டேன்.

கேக் வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் வெட்டுகிறோம். "சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு என்ன செய்வது" என்று கேட்பவர்களுக்கு: அவர்களுக்கு முறுக்குத் தட்டு போகும். அதற்கும் பாட்டி கணக்கு வைத்திருந்தாள்.

இதோடு இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். இப்போதெல்லாம் பலகாரம் சுடுவதைவிட ஊருக்குப் போய்ச் சேருவதுதான் பெரிய பாடு. நாகர்கோவில் பக்கம் போகிற ரயில்களில் முன்பதிவு திறந்த சில நிமிடங்களிலேயே காத்திருப்போர் பட்டியல்தான். தனியார் பேருந்துக்காரர்கள் டிசம்பர் 23, 24 தேதிகளில் கேட்கிற கட்டணம் வாய்விட்டுச் சொல்லக்கூடியதாக இல்லை. ஒரு குடும்பம் போய்வர ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு போய்விடுகிறது. தீபாவளி, பொங்கலுக்கும் இதே கொள்ளைதான், மறுக்கவில்லை. அந்த நேரத்திலாவது பத்திரிகைகள் எழுதுகின்றன, சோதனை நடக்கிறது. தெற்கே போகிற எங்கள் கூட்டத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. முதல் தட்டு கொண்டுபோக வேண்டிய பிள்ளைகள் பலர் பெங்களூரிலும் சென்னையிலும் மாட்டிக்கொண்டு வீடியோ அழைப்பில் வாழ்த்துச் சொல்கிறார்கள். எனக்கு இது மனதாரக் கோபம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷமே முந்திரிக்கொத்தில் இறங்காதீர்கள். பாகு பதம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அது கைகூடாது. அச்சுமுறுக்கு செய்யுங்கள். பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி, கொஞ்சம் எள், அவ்வளவுதான். மாவை உங்கள் பிள்ளைகளே கலக்கலாம். அச்சை எண்ணெயில் நன்றாகக் காயவிட்டு, மாவில் முக்கால் அளவுக்கு மட்டும் முக்குங்கள். முழுக்க முக்கினால் மாவு மேலே மூடிக்கொண்டு அச்சை விட்டுக் கழன்று வராது. எண்ணெய் வேலை உங்களோடு இருக்கட்டும், எண்ணுவதைப் பிள்ளைகளிடம் விடுங்கள்.

ஆறியதும் அவர்கள் கையிலேயே தட்டைக் கொடுத்து அனுப்புங்கள். உங்கள் குடியிருப்பில் இந்த வருஷம் துக்கம் நடந்த வீடு எது என்று முதலில் விசாரியுங்கள். காவலாளியிடம் கேட்டால் தெரிந்துவிடும். அந்த வீட்டுக்கு மட்டும் நீங்களும் கூடப் போங்கள். தட்டை வாசலில் நீட்டிவிட்டுத் திரும்பிவிடாமல், உள்ளே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.