நிலநடுக்கம் அதிகம் வராத ஊரில் லேசான நில அதிர்வை உணர்ந்திருக்கிறீர்களா? எப்படி இருந்தது?

உணர்ந்திருக்கிறேன், பல தடவை. இடுக்கி மாவட்டத்தில் ஏலப்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். தாத்தா காலத்தில் கம்பத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம்.

கேள்வி கேட்டவர் சென்னையில் அடுக்குமாடியில் இருப்பவர் என்று நினைக்கிறேன். 2012 ஏப்ரலில் சுமத்ரா பக்கம் 8.6 அளவில் வந்தபோது சென்னையில் அலுவலகங்களிலிருந்து எல்லோரும் தெருவுக்கு இறங்கி நின்றார்களே, அதை மனதில் வைத்துக் கேட்டிருப்பீர்கள். அது வேறு ரகம். அவ்வளவு தூரத்திலிருந்து அலை வந்து சேர்வதற்குள் வேகமான அதிர்வெல்லாம் வழியிலேயே தேய்ந்துவிடும். மெதுவான ஆட்டம் மட்டும்தான் மிஞ்சும். மாடி உயர உயர அது அதிகமாகத் தெரியும், தலை சுற்றுகிறதோ என்று சந்தேகம் வரும்.

எங்கள் ஊரில் வருவது காலடியிலேயே பிறப்பது. அதிக ஆழமும் கிடையாது. அதனால் முதலில் வருவது சத்தம்தான். டிப்பர் லாரி ஒரு லோடு கருங்கல்லை வீட்டுக்குப் பின்னால் கொட்டிவிட்டுப் போன மாதிரி ஒரு முழக்கம். அது என்ன என்று திரும்புவதற்குள் ஒரு உலுக்கு. அவ்வளவுதான், முடிந்துவிடும். மின்விசிறி ஆடுகிறதா என்று பார்க்கக்கூட நேரம் இருக்காது. எங்கள் வீட்டில் மின்விசிறியும் இல்லை, அந்தக் குளிருக்குத் தேவையும் இல்லை.

“3, 3.5 எல்லாம் ஒரு நிலநடுக்கமா, ஜப்பான்காரன் சிரிப்பான்” என்று யாராவது கீழே எழுதுவார்கள் என்று தெரியும். ஜப்பான்காரன் லயத்தில் குடியிருக்கவில்லை ஐயா. லயம் என்றால் தெரியாதவர்களுக்கு: வரிசையாக ஒட்டிக் கட்டின வீடுகள். வெள்ளைக்காரன் காலத்துக் கல்லும் மண்ணும். இரண்டு குடும்பத்துக்கு நடுவில் ஒரே சுவர், மேலே தகரம். ஒரு மூலையில் அதிர்ந்தால் கடைசி வீட்டு அலமாரியில் தம்ளர் உருளும்.

எனக்கு நினைவு தெரிந்து பெரியது 2000 டிசம்பர் 12. மையம் ஈராட்டுப்பேட்டைப் பக்கம், அளவு 5. காலை நேரம். அம்மா இடுப்பில் படங்கு (சேலை நனையாமலிருக்கச் சுற்றும் முரட்டுத் துணி) கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். தகரக் கூரை மொத்தமும் ஒரே நேரத்தில் கடகடவென்று அடித்தது. அடுப்பில் இருந்த கட்டங்காப்பிப் (பால் சேர்க்காத காப்பி) பாத்திரத்தின் மூடி தானாகச் சுழன்று தரையில் விழுந்து, அதிர்வு நின்ற பிறகும் உருண்டுகொண்டே போய்க் கதவில் முட்டி நின்றது. அடுத்த வீட்டுச் சேச்சி குழந்தையோடு வெளியே ஓடி வந்து, “குலுங்கியோ?” என்று கேட்டார். அவருக்கே உறுதியில்லை. மறு மாதம் 7ஆம் தேதி அதே பக்கத்தில் 4.8. அதற்கப்புறம் குடியரசு தினத்தன்று குஜராத்தில் பூஜ் நிலநடுக்கம். அந்த ஒரு மாதத்தில் லயத்தில் பாதிப் பேர் முற்றத்தில் படுத்தார்கள், டிசம்பர், ஜனவரிக் குளிரில்.

வாசல் நிலைக்கு மேலே விரிசல் விழுந்தது அந்த டிசம்பரில்தான். அப்பா ஒரு காரியம் செய்தார். விரிசல் எந்த இடத்தில் முடிகிறதோ அங்கே பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தார். ஜனவரி அதிர்வுக்குப் பிறகு விரிசல் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் ஏறியிருந்தது. அங்கே இன்னொரு கோடு, இன்னொரு தேதி. எட்டாம் வகுப்போடு நின்றவர் அப்பா.

அந்தச் சமயத்தில்தான் பீர்மேடு தாலுகாவில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின. எங்களுடையதும் மூடியது. சம்பளம் இல்லை, சுவரைப் பூச ஆளும் இல்லை. கணக்கெடுக்க வந்த அதிகாரி விரிசலை அண்ணாந்து பார்த்துவிட்டு, “இது பழைய விரிசல்தானே” என்றார். அப்பா பென்சில் தேதியைக் காட்டினார். “தேதியை யார் வேண்டுமானாலும் எழுதலாமே” என்று அவர் சொன்னதும் அப்பா ஒன்றும் பேசவில்லை. ‘சேதமில்லை’ என்றுதான் எழுதிக்கொண்டு போனார்கள்.

சரி, 2011க்கு வருகிறேன். ஜூலையில் கொஞ்சம், பிறகு நவம்பர் 18 விடியற்காலையில் மறுபடியும். எதுவும் 4ஐத் தொடவில்லை. ஒரு எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும் என்பார்கள். அப்படிப் பார்த்தால் 2000இல் வந்ததன் பக்கத்தில்கூட இவை நிற்காது. ஆனால் பத்து வருடத்துக்கு முன்பு வந்த அந்த 5 எழுப்பாத பீதியை இந்தச் சின்ன அதிர்வுகள் எழுப்பின. காரணம் முல்லைப் பெரியாறு.

நான் அணைக்கு ஆதரவா எதிர்ப்பா என்று தயவுசெய்து கேட்காதீர்கள். 1895இல் சுண்ணாம்பும் சுர்க்கியும் (செங்கல் தூள்) வைத்துக் கட்டி முடித்த அணைக்குக் கீழே, வண்டிப்பெரியாறிலும் சப்பாத்திலும் ஆற்றங்கரையில் படுத்துத் தூங்குகிறவனுக்கு அதிகாலையில் தரை அதிர்ந்தால் என்ன தோன்றும் என்பது எனக்குத் தெரியும். அதற்கும் கீழே இடுக்கி அணை, 555 அடி உயரம். 1967இல் மகாராஷ்டிரத்தில் கொய்னா அணைப் பக்கம் 6.3 அளவில் வந்து 170க்கும் மேற்பட்டோர் இறந்ததை எங்கள் பக்கத்து டீக்கடையில் சின்னப் பையன்கூடச் சொல்லுவான். பெரிய நீர்த்தேக்கத்தின் எடையும், பாறை இடுக்கில் இறங்கும் நீரின் அழுத்தமும் சேர்ந்து அதிர்வைத் தூண்டக்கூடும் என்பதற்கு உலகம் முழுக்கக் காட்டும் உதாரணம் அது. அதே நேரம், உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஆனந்த் குழு முல்லைப் பெரியாறு நிலநடுக்கத்தைத் தாங்கும் என்றுதான் 2012இல் அறிக்கை கொடுத்தது. 2014இல் நீதிமன்றம் 142 அடி வரை தேக்க அனுமதித்தது. இரண்டையும் சொல்லிவிட்டேன், இனி யாரும் என்னிடம் சண்டைக்கு வர வேண்டாம்.

அதிர்வு நடந்த அன்று காலை கம்பத்திலிருந்து மாமா போன் செய்தார். “என்ன மாப்ள, அணைக்கு ஒண்ணும் இல்லையே?” இதுதான் முதல் கேள்வி. “ஒனக்கு ஒண்ணும் இல்லையே” என்பது அப்புறம்தான் வந்தது. அவரைக் குறை சொல்லவில்லை. கூடலூருக்குக் கீழே அவருக்கு இருபோக வயல், அந்தத் தண்ணீர்தான் சோறு. அன்று மாலையே பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார், “உங்கள் ஆட்கள் ஏன் தண்ணீர் அளவைக் குறைக்கச் சம்மதிக்க மாட்டேன் என்கிறார்கள்?” என்னுடைய ஆட்கள்! அவரும் நானும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

டிசம்பரில் அணைச் சண்டை முற்றி, இரு மாநில எல்லையில் இருக்கும் குமுளி அடைபட்டது. கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு வந்து போன பெண்களால் வர முடியவில்லை. ஏலக்காய் செடியிலேயே கிடந்து போனது. இரண்டு பக்கமும் கடைகள் அடிபட்டன, வண்டிகள் அடிபட்டன. நான் அப்போது கட்டப்பனையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். முதலாளி நல்ல மனுஷன்தான், “கொஞ்ச நாளைக்கு வீட்டிலேயே இரு, உன் நல்லதுக்குத்தான்” என்றார். நல்லதுக்குத்தான், ஆனால் அந்த நாட்களுக்குச் சம்பளம் பிடித்துக்கொண்டார்.

பேச்சோடு பேச்சாக இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். நாங்கள் இங்கே மூன்றாவது தலைமுறை. ஆனால் சாதிச் சான்றிதழுக்குப் போனால், 1950க்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்ததற்கு ஆவணம் கேட்கிறார்கள். லயத்தில் பிறந்தவனிடம் என்ன பத்திரம் இருக்கும்? தோட்ட அலுவலகப் பதிவேட்டில் இருந்திருக்கும், அலுவலகம் பூட்டி மழையில் நனைந்து போய்விட்டது. தமிழ்நாட்டுப் பக்கம் போய்க் கேட்டால் “நீங்கள் கேரளாக்காரர்கள்” என்கிறார்கள். என் தங்கை மகளுக்குக் கல்லூரி உதவித்தொகை இதனால்தான் கிடைக்கவில்லை. இதைப் பற்றி இங்கே ஒருவரும் கேள்வி கேட்பதில்லை, நிலநடுக்கம் எப்படி இருந்தது என்று கேட்கிறீர்கள்.

கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் ஊரில் இப்போதுதான் முதல் தடவை வந்து அதனால் கேட்டிருந்தால் ஒன்று சொல்கிறேன். அதிரும்போது தகரம், ஓடு, கண்ணாடிப் பக்கம் நிற்காதீர்கள். நின்ற பிறகு நிலைப்படிக்கு மேலேயும் சுவர் மூலைகளிலும் பாருங்கள். விரிசல் இருந்தால் நுனியில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கூடவே அன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் பிடித்து போனில் படம் எடுத்து வையுங்கள். வெறும் பென்சிலை அவர்கள் நம்ப மாட்டார்கள்.